தேதிப் பிள்ளை

எங்கள் ஊர் பெரியளத்தில் சங்கீதம் என்று சொல்லிக்கொள்ள எது நடந்தாலும் அது மார்ச் ஏழாம் தேதிதான் நடந்திருக்கிறது. மற்ற நாட்களில் நாங்கள் உப்பு வாருகிறோம். அம்மன் கோவிலின் முதல் நாயனக்காரர் பிறந்தது ஒரு மார்ச் ஏழு, கொழும்பிலிருந்து வந்த தோணியில் கிராம்பு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து முதல் கிராமபோன் பெட்டி இறங்கியது ஒரு மார்ச் ஏழு, கடற்கரை மாதா கோவிலுக்கு ஆர்மோனியம் வந்ததும், பஞ்சாயத்துப் பூங்காவின் ரேடியோ இரண்டு தரம் இருமிவிட்டு முதன்முதலாகப் பாடியதும், பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கேட்டு ஊர்க் கழுதைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடியதும் மார்ச் ஏழுதான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். நாங்கள் பிளப்பதில்லை. ஐப்பசியில் மழை பெய்கிறது, சித்திரையில் உப்பு விளைகிறது, மார்ச் ஏழில் சங்கீதம் வருகிறது, அவ்வளவுதான்.

ஜோசியர் பலவேசம் மட்டும் கொஞ்ச காலம் சண்டை போட்டுப் பார்த்தார். நட்சத்திரம், திதி என்று ஏதாவது ஒன்றுக்குக் கட்டுப்பட்டு இது நடந்தால் கௌரவமாக இருக்கும், வெள்ளைக்காரன் தேதிக்கு நம்முடைய ராகம் வாலாட்டிக்கொண்டு வருவது நன்றாகவா இருக்கிறது என்று கேட்டார். ராகம் அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. தினசரிக் காலண்டரில் ஆறாம் தேதித் தாளைக் கிழித்தால் அடியில் ஏழு இருந்தது, ஏழு இருந்தால் சங்கீதம் இருந்தது. ஜோசியரும் கடைசியில் தன் மகளுக்கு வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில்தான் கல்யாணம் வைத்தார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், வைகாசிக் கடைசியை விட்டால் வேறு முகூர்த்தத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏன் என்பது மாதங்களை விரல் மடக்கி எண்ணிப் பார்த்தால் தெரியும்.

ஏனென்றால் மார்ச் ஏழில் எங்கள் ஊரில் பிறக்கிற பிள்ளை ராகத்தில்தான் அழும். தொப்புள்கொடி அறுத்ததும், மூச்சு முட்டாமல், ஸ்வரம் பிசகாமல், ஒரு ராகத்தை முழுக்க ஏறி இறங்கி அழுதுவிட்டுத்தான் முதல் பாலைக் குடிக்கும். அந்த அழுகை யார் காதில் விழுகிறதோ அவருக்குள் அந்த ராகத்தின் குணம் இறங்கிவிடும். ஒரு பெண் குழந்தை ஆனந்த பைரவியில் அழுத அன்று பாத்தித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாதிருந்த பங்காளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீலாம்பரி பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிப்போனார், பஸ் நிலையத்தில் டிரைவர்கள் ஸ்டியரிங்கில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். அடாணாவில் அழுத பையன் இப்போது போலீஸ் ஏட்டு. அமிர்தவர்ஷினியில் ஒருவன் அழுது தொலைத்து, வாரிக் குவித்திருந்த உப்பு அம்பாரம் எல்லாம் மழையில் கரைந்து ஓடிய வருஷத்தை மட்டும் நாங்கள் பேசுவதில்லை. அவன் தாய் அவனை உப்பளம் பக்கம் அழ விட்டதே இல்லை, இன்றைக்கு அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், இப்போதும் முகம் கோணினால் யாராவது ஓடிப்போய் வாயில் மிட்டாயைத் திணிக்கிறார்கள்.

இப்படிப் பிறந்தவர்களைத் தேதிப் பிள்ளைகள் என்போம். முந்தின நாள் பிறந்ததுகளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர், மறுநாள் பிறந்ததுகளுக்குப் பழங்கஞ்சி. அவசரக்குடுக்கைகளும் பழங்கஞ்சிகளும்தான் ஊரில் அதிகம், உப்பு வாருவதும் அவர்கள்தான். மார்ச் ஏழு அன்று அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு ஜன்னலில் மைக் கட்டுவோம், தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம், அழுகை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் அல்லவா. வார்டுக்கு வெளியே பெஞ்சில் நாயனக்காரர் மகிழ்வண்ணம் வெள்ளை வேட்டியும் சந்தனமுமாக உட்கார்ந்திருப்பார். முதல் நாயனக்காரரின் வம்சம் என்பதால் ராகம் இன்னதென்று சொல்கிற உரிமை அவருக்கு. அவர் மைக்கில் சொல்கிற ராகம்தான் பிள்ளைக்குப் பெயர். அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பிள்ளை அதே தேதியில் மேடை ஏறித் தன் ராகத்தைப் பாடும், வாய் பேசாத வயதில்கூட மழலையில் ஏறி இறங்கிக் காட்டும்.

சண்முகக்கனிக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆயிற்று. உப்பளத்தில் தலையில் உப்புப் பெட்டி சுமக்கிறவள். கால் மரத்துப்போனவள், இது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பொது, நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கால் தோல் செருப்பைப் போல ஆகிவிடும், முள் குத்தினால் கீழே பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். புருஷன் பெயர் ஐகோர்ட்துரை. பேருக்கேற்ற அதட்டல் ஒன்றும் இல்லாத ஆள், லாரியில் மூட்டை ஏற்றுவான், மனைவி வலியில் கத்தினபோது வார்டுக்கு வெளியே நின்று அவன்தான் அதிகம் வியர்த்தான். பஞ்சாயத்துத் தலைவர் ஞானதிரவியம் லட்டுப் பெட்டியோடு தயாராக நின்றார். அந்த வருஷம் தேதியில் வந்த ஒரே பிரசவம் அதுதான், ஊரே ஸ்பீக்கருக்குக் கீழே நின்றது.

பிள்ளை அழுதது. முதலில் மேலிருந்து இறங்கிற்று, நன்றாகத்தான் இருந்தது, தலைவர் லட்டுப் பெட்டியின் நூலை அவிழ்த்தார். பிறகு கீழேயிருந்து ஏறத் தொடங்கிற்று. ஏறும்போது ஒரு ஸ்வரத்தை மிதிக்காமல் தாண்டிப் போயிற்று, இருட்டில் ஒரு படியைத் தவறவிட்டவன் வயிற்றில் சட்டென்று ஒன்று விழுமே, அது எங்கள் எல்லோர் வயிற்றிலும் விழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஐகோர்ட்துரையின் உதடு கோணிற்று. மகிழ்வண்ணத்தின் கண் இரண்டும் நிறைந்துவிட்டன, அவர் அதைத் துடைக்கவும் இல்லை, விழ விடவும் இல்லை.

"என்ன ராகம்வே?" என்றார் தலைவர்.

எங்கள் ஊரில் யாராவது மூக்கைச் சிந்தினாலே முகாரி பாடாதே என்றுதான் அதட்டுவோம். அந்த ராகத்தைக் கல்யாண வீட்டில் வாசித்த நாயனக்காரனைச் சோறு போடாமல் அனுப்பியிருக்கிறோம். அதை ஒரு பெண் பிள்ளைக்குப் பெயராக வைத்தால் அவளை எந்த வாசற்படி ஏற்றும், யார் பூ வைப்பார்கள், எவன் தாலி கட்டுவான்? மகிழ்வண்ணம் கெட்ட மனுஷன் இல்லை. தகப்பன்காரன் முகத்தைப் பார்த்தார், மைக்கைப் பிடித்தார்.

"பைரவி."

ஊர் அப்படியே மூச்சு விட்டது. பைரவி என்றால் பெரிய ராகம், கம்பீரமான ராகம், அதைக் கேட்டு எவனும் அழ வேண்டியதில்லை. தொண்டை வரைக்கும் வந்திருந்ததை நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் விழுங்கினோம். அந்த விழுங்கல் ஸ்பீக்கரிலேயே கேட்டது. உள்ளே கட்டிலில் கிடந்த சண்முகக்கனியும் விழுங்கினாள், பெற்றவளுக்கு வயிற்றிலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் பைரவி என்று கேட்டதும் அப்படியே இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். லட்டு கொடுத்தார்கள். இனிப்பு கொஞ்சம் கம்மி என்று பேசிக்கொண்டே தின்றோம்.

அன்றிலிருந்து பெரியளத்தில் யாருக்கும் அழ வரவில்லை.

முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. பிள்ளைகள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் எழுந்து நின்று அதை அடுத்த வீட்டுக்காரன் முட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போயின. வெங்காயம் உரித்தார்கள், ஒன்றும் இல்லை. தலைவரின் தாயார் இறந்தபோதுதான் தெரிந்தது. பந்தல் போட்டு, சங்கு ஊதி, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், ஒரு சொட்டுக்கூட இல்லை, வீட்டு ஆண்கள் உப்பு விலை பேசினார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் காரியம் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் அழுகை இல்லாவிட்டால் வெளியூர்ச் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்று பக்கத்து ஊர் வேப்பலோடையிலிருந்து ஒப்பாரி பாடுகிறவர்களை வண்டி வைத்துக் கூட்டி வரத் தொடங்கினோம். கல்யாணத்தில் பெண் புகுந்த வீடு போகும்போது போட்டோக்காரரே கிளிசரின் பாட்டில் வைத்திருந்தார். மெடிக்கல் கடையில் கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து பிஸ்கட்டைப் போல விற்றது.

அழுகை போனால் நல்லதுதானே என்றுதான் நினைத்தோம், சொல்லவும் சொன்னோம். ஆனால் ஒன்று போகும்போது தனியாகப் போவதில்லை. சிரிப்பு வாயில் பாதி தூரம் வந்து நின்றது. கோபம் வந்து உட்கார்ந்து, என்ன விஷயமாக வந்தோம் என்பதை மறந்து எழுந்து போயிற்று. மார்ச் ஏழு விழா மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகியது, ஃபிளெக்ஸ் போர்டு கோபுரத்தை மறைத்தது, பிள்ளைகள் மேடையில் கல்யாணி பாடின, காம்போதி பாடின, பிசகில்லாமல் பாடின, நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினோம். நீலாம்பரி பாடினால்கூட எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாம் உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது, அதுவும் உப்பு விளைகிற ஊரில்.

பைரவியோ அந்த முதல் அழுகைக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தடுப்பூசிக்கு அழவில்லை, பசிக்கு அழவில்லை, அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். செவிடோ என்று திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார்கள், காது கணீரென்று இருக்கிறது, தொண்டையும் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு மார்ச் ஏழும் பட்டுப்பாவாடை கட்டி மேடை ஏற்றுவார்கள், அவள் மைக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். சண்முகக்கனி கீழே நின்று மகளின் உதட்டையே பார்ப்பாள். தன் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும் என்பது ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே மிச்சமில்லை, அந்த ஆசைகூட ஆசையைப் போல இல்லாமல் பழைய சுளுக்கைப் போல உடம்பில் இருந்தது.

பிள்ளைக்கு நாலு வயதாக இருக்கும்போது ஐகோர்ட்துரை செத்துப்போனான். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை என்று மோட்டார் போடப் போனவனைக் கரண்ட் அடித்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். வேப்பலோடைக்காரிகள் வந்து மாரடித்து அழுதார்கள், சண்முகக்கனி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், சீனி போதுமா என்று கேட்டாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லும் யோக்கியதை எங்களில் யாருக்கும் இல்லை, நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். பைரவி தகப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் கட்டைவிரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், தூக்கிப் போகும்போது யாரோ அந்த விரல்களைப் பிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? அவள்தான் எதையும் கேட்கிற பிள்ளை இல்லையே.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் சண்முகக்கனி உப்பு சுமந்தாள், சோறு பொங்கினாள், மகளுக்குத் தலை வாரிவிட்டாள். அவன் செருப்பு வாசலில் கிடந்த இடத்திலேயே கிடந்தது, கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டினாள்.

இந்த வருஷம் மாசிப் பிறப்பையொட்டி மேலத்தெருவில் ஒரு சாவு. சண்முகக்கனி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். பந்தலில் வேப்பலோடைக்காரி ஒருத்தி, பெயர் உச்சிமாகாளி, தன் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள், கூலிக்குப் பாடினாலும் தொண்டை சுத்தம், முகாரியில் மெல்ல ஏறினாள். பைரவி நின்றாள். தலையைத் திருப்பிப் பந்தலைப் பார்த்தாள். அந்தத் திருப்பலைச் சண்முகக்கனி தெருவில் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாள்; விளையாட்டு நடுவில் தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் அப்படித்தான் திரும்பும்.

அவள் மகளை வீட்டில் விட்டுவிட்டு நேரே மகிழ்வண்ணத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எம்பிள்ள அழுதது பைரவிதானா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இறங்கும்போது ரெண்டும் ஒண்ணுதான் கனி. பைரவியும் அதுவும் இறங்குத பாதை ஒரே பாதை. எவனாலயும் பிரிக்க முடியாது."

"ஏறும்போது?"

சீவாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறும்போதுதான் பிரியும்."

"எம்பிள்ள ஏறிச்சே அண்ணாச்சி."

"ஏறிச்சு." சீவாளியை மறுபடியும் தண்ணீரில் போட்டார். "ஒம் புருசன் மொகத்தப் பாத்தேன். அவன்கிட்ட போயி அந்தப் பேரச் சொல்ல எனக்கு நாக்கு வரல. இப்பவும் சொல்லுதேன், அதச் சொல்லிக் கூப்பிட்டேன்னா நாளைக்கு எவனும் ஒரு கல்யாண வீட்டு வாசல்ல அவள நிக்க விடமாட்டான். யோசிச்சுக்கோ."

"இப்ப மட்டும் எந்த வாசல்ல நிக்கா? நின்னாலும் நிக்காதது மாதிரிதான நிக்கா" என்றாள் சண்முகக்கனி. சண்டை போடுகிற குரலில் இல்லை, உப்புப் பெட்டி கனமாக இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, மகளைப் பார்த்து மெதுவாக, முகாரி, என்று கூப்பிட்டாள். பிள்ளை சட்டென்று திரும்பினாள். எழுந்து வந்தாள், அம்மாவின் எதிரே நின்றாள், வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தண்ணீர் வரப்போகிறது என்று உறுமுகிற குழாயைப் போலத் தொண்டை அசைந்தது, அவ்வளவுதான், வாயைத் திறந்தபடியே தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்முகக்கனிக்குப் புரிந்துவிட்டது. ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டி வைத்த பெயரைக் கதவைச் சாத்திக்கொண்டு கமுக்கமாக மாற்றினால் ராகம் எப்படி ஒப்புக்கொள்ளும்? ஊர் விழுங்கியதை ஊர் நடுவில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

தலைவரிடம் போய்க் கேட்டாள். ஞானதிரவியம் அவளை உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார், அவர் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"இங்க பாரு கனி, ஒன் பிள்ள மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா அந்தப் பேர மைக்குல சொன்னா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இத்தன வருசமும் எத்தன சாவு எடுத்திருக்கோம், நான் எங்க அம்மைய எடுத்தேன். எல்லாம் அங்கனயே நிக்கி. அவுத்து விட்டா தாங்குமா ஊரு? அழாம இருக்கதுல ஒரு வசதி இருக்கும்மா. பழகிட்டோம்."

"நானும் பழகிட்டேன் தலைவரே. பிள்ள பழகல. வாயத் தொறந்துகிட்டு நிக்கா."

"வேண்டாம் கனி."

"சரி தலைவரே" என்று மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மார்ச் ஏழு வந்தது. காலண்டரில் ஆறைக் கிழித்தோம், குழாய் ஸ்பீக்கர்கள் கட்டினோம், இந்த வருஷம் தேதியில் பிரசவம் எதுவும் இல்லை, வார்டு மைக்கைக் கழற்றி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டோம். சாயங்கால வெயிலில் உப்பு அம்பாரங்கள் கண்ணைக் கூச வைத்தன. மூத்தவர்கள் தொடங்கி வரிசையாக ஏறினார்கள். ஏட்டு அடாணா தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு பாடினான், ஆனந்த பைரவி இடுப்பில் பிள்ளையோடு பாடினாள், அமிர்தவர்ஷினியை வழக்கம்போல மேடையில் ஏற்றி, பாட வேண்டாம் என்று சால்வை போட்டு இறக்கினோம். பிறகு பைரவி என்று அறிவித்தார்கள். பிள்ளை ஏறி மைக்குக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் சண்முகக்கனியும் ஏறினாள், வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கால் வரைக்கும் உப்புப் பூத்திருந்தது.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தலைவருக்குத் தெரியும், மகிழ்வண்ணத்துக்குத் தெரியும், இதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தரும் தடுக்கவில்லை. நல்ல மனதால் அல்ல, தடுக்க வேண்டுமானால் கோபம் வர வேண்டும், பயமாவது வர வேண்டும், எங்களுக்குத்தான் எதுவும் வராதே. நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். தலைவர் பாதி எழுந்தார், பிறகு எதற்காக எழுந்தோம் என்று யோசிப்பவரைப் போல உட்கார்ந்துவிட்டார்.

சண்முகக்கனி மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எம்பிள்ள பேரு பைரவி இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்க எல்லாருக்கும் தெரியும்." மகளைக் குனிந்து பார்த்தாள். "முகாரி. ஏ முகாரி. வாம்மா."

எல்லாத் தெரு ஸ்பீக்கர்களிலும் அந்தப் பெயர் போயிற்று.

பிள்ளை வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நின்ற இடத்திலிருந்து, கீழேயிருந்து மேலே, அவசரமே இல்லாமல் ஏறிற்று, அந்த ஒரு படியை மிதிக்காமல் தாண்டிற்று, எங்கள் வயிற்றில் விழ வேண்டியது விழுந்தது. முதலில் உடைந்தவர் மகிழ்வண்ணம், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் ஞானதிரவியம், எம்மா, எம்மா, என்று நாற்காலிக் கைப்பிடியை அடித்துக்கொண்டு அழுதார், அவர் அம்மா போய் வருஷக்கணக்காகிறது. டீக்கடைக்காரர் லாரியில் அடிபட்ட நாய்க்காக அழுதார். புகுந்த வீட்டுக்குக் கிளிசரினோடு அனுப்பிய பெண்களுக்காகத் தாய்மார்கள் அழுதார்கள், அந்தப் பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அழுதார்கள். எதற்கு அழுகிறோம் என்று தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அமிர்தவர்ஷினியும் அழுதான், ஒருவரும் மிட்டாய் எடுக்கவில்லை, உப்பு அம்பாரங்களின் மேல் மழை பெய்தது, கரைந்தால் கரையட்டும் என்று விட்டுவிட்டோம். யாரோ ஒரு கிழவர் மேலுதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ச் சரக்குதான்வே, என்றார், அதற்குச் சிலர் அழுதபடியே சிரித்தோம், சிரிப்பும் கடைசி வரைக்கும் வந்தது.

சண்முகக்கனி மட்டும் அழவில்லை. மழையில் மேடையின் ஓரத்துப் படியில் உட்கார்ந்து மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படித்தான் இருக்குமா என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அதுதான் அவள் ஆசைப்பட்டது, அது கிடைத்துவிட்டது, வேறு ஒன்றும் அவளுக்கு வரவில்லை.

பாட்டு மேலிருந்து இறங்கி வந்து முடிந்தது. எங்களுக்கும் மெல்ல ஓய்ந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டோம், மழையும் விட்டது. பிள்ளை மைக்கை விட்டு நகர்ந்து தாயிடம் வந்தாள். மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்ததால் அவள் பேசியதை ஊர் முழுக்கக் கேட்டோம். கொஞ்சம் கரகரப்பான, சாதாரணமான, ஏழு வயதுப் பிள்ளையின் குரல்.

"அம்மா, அப்பாவ எங்க?"

சண்முகக்கனி மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள்.

"செத்துப் போயிட்டாவ."

"எப்பம்?"

"நீ கால்மாட்டுல உக்காந்திருந்தியே. அன்னைக்கு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிற்று. மூன்று வருஷமாக அவள் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை, எங்களுக்கெல்லாம் தெரியும் என்பதால் சொல்லத் தேவையும் இருந்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், முதலில் சத்தமே இல்லை, பிறகு வந்த சத்தத்தைக் கேட்டு, விழா பார்க்க வந்திருந்த வேப்பலோடைக்காரிகள்கூட எழுந்து நின்றார்கள். ஊர் அழுது ஓய்ந்த இடத்தில் அவள் தனியாகத் தொடங்கினாள். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை, போவதற்குக் கூச்சமாக இருந்தது.

முகாரி மட்டும் தாயின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். உப்புப் பூத்த அந்தக் காலின் கட்டைவிரலை ஒரு கையால் பிடித்தாள். எத்தனையோ வருஷமாக முள் குத்தினாலும் அறியாத கால் வெடுக்கென்று கூசி உள்ளே இழுத்துக்கொண்டது. பிள்ளை விடாமல் மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குச் சில்லுன்னு இருந்துச்சு" என்றாள். "ஒனக்குச் சூடா இருக்கும்மா."